பிஜ்லியின் முதுகு

அபயாம்பாளுக்குக் கண் கூர்மை என்பது, பிம்ப்ரியில் அவள் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஊசி மருந்துக் குப்பிகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குக்குக் கீழே, முதலில் கறுப்புப் பலகைக்கு முன்னால், பிறகு வெள்ளைப் பலகைக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு தூசியோ கண்ணாடித் துணுக்கோ மிதந்தால் அதைச் சிவப்புத் தட்டில் வைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே விளக்கு. அவள் சரியென்று விட்ட குப்பி ஒன்றுகூடக் குறையென்று திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேரும் பெண்களை இரண்டு நாள் அவள் பக்கத்தில் உட்கார வைப்பது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது.

கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணமாகிச் சாங்விக்கு வந்தாள். கணவர் சுந்தரமூர்த்திக்கு ராணுவக் கிடங்கு ஒன்றில் வேலை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். ஒரே பெண் சஹானா. எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே பிறந்துவிட்டாள். ஒரு வயதாகியும் தலை நிற்கவில்லையே என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோதுதான் செரிப்ரல் பால்சி என்ற பெயர் வீட்டுக்குள் வந்தது.

சஹானாவுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. வீட்டுத் தமிழும் தெருவின் மராத்தியும் டிவியின் இந்தியும் நன்றாகவே புரியும். வாய்தான் ஒத்துழைக்காது. ஒரு சொல் வெளியே வருவதற்குள் கழுத்திலிருந்து விரல்நுனி வரை முறுக்கிக்கொள்ளும். அதனால் அவள் பேசுவது ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகியிருக்கும். குளிப்பாட்டித் துடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காலைப் பிரித்துப் பிடித்துக்கொள்ள, ஒருவர் துடைக்க.

ஒன்பது வயதில்தான் குதிரை வந்தது. சாங்வியைத் தாண்டி முளா ஆற்றங்கரையில் ப்ரியம்வதா என்ற மராத்திக்காரப் பெண்மணி நான்கு குதிரைகளோடு ஒரு சவாரிப் பள்ளி நடத்தி வந்தார். பிசியோதெரபி படித்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சஹானாவைப் போன்ற பிள்ளைகளைக் குதிரைமேல் உட்கார வைத்து நடத்துவார். குதிரையின் உடம்புச் சூடு தொடையில் ஏறினால் தசை இளகும், அது நடக்கும்போது முதுகு அசைகிற விதம் மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைகிற விதம்தான், நடக்காத பிள்ளையின் இடுப்பு அதைக் கற்றுக்கொள்ளும் என்று அவர் இந்தியும் ஆங்கிலமுமாக விளக்கினார். அபயாம்பாள் நம்பவில்லை. நம்பாமலேதான் கூட்டிப் போனாள்.

குதிரையின் பெயர் பிஜ்லி. மின்னல் என்று பேர் வைத்திருந்தார்களே தவிர, மாட்டு வண்டிகூட அதை முந்திப் போய்விடும். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. சஹானாவை இரண்டு பேர் தூக்கி மேலே வைத்தபோது அவள் கை வீசி, கால் உதறி, உரக்கக் கத்தினாள். பிஜ்லி காதைக்கூட அசைக்கவில்லை. குதிரைக்காரர் சலீம் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் ப்ரியம்வதா, மறுபக்கம் அபயாம்பாள். மைதானத்தை மூன்றாவது தடவை சுற்றும்போது, மகளின் தொடையைப் பிடித்திருந்த கையில் ஏதோ விட்டுக்கொடுப்பதை அபயாம்பாள் உணர்ந்தாள். ஒன்பது வருஷமாக எண்ணெய் தேய்த்தும் நீட்டியும் மடக்கியும் இளகாத கால், குதிரையின் விலாவில் தானாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எட்டு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. குதிரையிலிருந்து இறங்கினால் மூன்று நாள் வரை சஹானா முட்டுக்கொடுக்காமல் நாற்காலியில் உட்காருவாள். உட்கார முடிந்தால் வலது கை அடங்கும். கை அடங்கினால் டேப்லெட்டில் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுவாள். வாய் சொல்லாததையெல்லாம் அந்த விரல் சொன்னது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, அம்மாவிடம் சண்டை போட்டாள். சாம்பாரில் உப்பு இல்லை என்றாள். பதினேழு வயதில், வீட்டிலிருந்தபடியே படிக்கிற பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள். பரீட்சை அக்டோபரில் என்று தேதியும் வந்தது.

அந்த வருஷம் ஏப்ரலில் சஹானாவுக்கு முதுகெலும்பின் அடிநுனியில் புண் வந்தது. வளர்ந்த பெண், நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காருகிறாள். ஆற மூன்று வாரம் பிடித்தது. ஆறிய பிறகும் தோல் மெல்லியதாக, இளம் சிவப்பாகவே இருந்தது. உரசுகிற எதன்மேலும் உட்கார வைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

பிஜ்லியின்மேல் சேணம் போடுவதில்லை. ராணுவக் கம்பளி ஒன்றை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் கைப்பிடி வைத்த தோல்பட்டியை வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கம்பளி முள்ளாய்க் குத்தும். அபயாம்பாள் ப்ரியம்வதாவிடம் போய்ச் சொன்னாள். அவரும் யோசித்துவிட்டு, மெத்தென்று ஏதாவது விரிப்பு வாங்கிப் போடலாமே, சஹானாவுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே பார்த்து எடுங்கள் என்றார்.

அபயாம்பாள் அதைச் சாதாரண வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு சனிக்கிழமை கேம்ப் கடைத்தெருவில் இருந்த ஒரு குதிரைச் சாமான் கடைக்கு அலைந்தாள். கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. பருத்தித் துணியில் கட்டம் கட்டமாகத் தைத்ததைக் காட்டினார். ஆட்டு ரோமம் வைத்ததைக் காட்டினார். நம்தா என்று, கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்த கெட்டியான விரிப்பு ஒன்றை எடுத்து, முதுகு வியர்த்தாலும் இது உறிஞ்சிக்கொள்ளும், குதிரைக்கு இதுதான் நல்லது என்றார். நடுவில், முதுகெலும்பு படாமலிருக்க, நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டிருந்தார்கள். அபயாம்பாள் அதை முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்த்தாள். தோல் சிவந்தது. கீழே வைத்துவிட்டாள்.

கடைசியில் அவள் கை நின்றது வெள்ளையான ஒரு விரிப்பில். உள்ளே ஃபோம், இரண்டு பக்கமும் பூனைக்குட்டி மாதிரி மிருதுவான செயற்கை ரோமம், தடிமன் இரண்டு விரற்கடை. உள்ளங்கையால் அமுக்கினால் அமுங்கி மெல்ல எழுந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் அப்போது ஒரு கேள்வி கேட்டார். குதிரைக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு மேடாக எழும்பியிருக்குமே, உங்கள் குதிரைக்கு அது உயரமா, தணிவா? ஒரு கம்பியை அந்த இடத்தில் வைத்து வளைத்து, அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு வந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றார். சேணமே போடுவதில்லை, வெறும் பட்டிதான், ஓடவும் போவதில்லை என்று அபயாம்பாள் பதில் சொன்னாள். அப்படியானால் உங்கள் இஷ்டம் என்று அவர் மடித்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் தானே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு சஹானாவை உட்கார வைத்தாள். மறுநாள் காலை அவள் தோலை விளக்கு வெளிச்சத்தில் ஆராய்ந்தாள். ஒரு சிவப்பும் இல்லை. சஹானா சிரித்துக்கொண்டே, "மெத்து" என்றாள்.

மேல்பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதைப் பற்றி அபயாம்பாள் யோசிக்காதது எதுவுமில்லை. அடிப்பக்கம் எதன்மேல் கிடக்கப் போகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

ஜூன் முதல் ஞாயிறு புது விரிப்போடு நல்லபடியாகப் போனது. சஹானா நாற்பது நிமிஷம் உட்கார்ந்தாள். அதுவரை அரை மணியைத் தாண்டியதில்லை. சலீம் மட்டும் பட்டியை இழுத்துக் கட்டும்போது, "மெத்தைதான் அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா நழுவுது. பட்டியை ரெண்டு ஓட்டை சேத்து இழுக்க வேண்டியிருக்கு" என்றார். சலீமின் குடும்பமும் கட்கிதான். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவரும் அபயாம்பாளும் மட்டும் அங்கே தமிழில் பேசிக்கொள்வார்கள். இறுக்கும்போது பிஜ்லி காதைப் பின்னால் மடக்கியது. வயசாகுதில்ல, கோபம் வருது என்று சலீம் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

விரிப்பு எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஞாயிறன்று வரும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். புதிதாக நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ப்ரியம்வதா புதன், வெள்ளியிலும் வகுப்பு வைத்தார். ஏறி இறங்கும்போது ஆடாமல் நிற்கிற குதிரை பிஜ்லி ஒன்றுதான் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் அதன்மேல்தான் ஏறின. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஃபோம் குடித்த தண்ணீரும் வியர்வையும் மூன்று நாளானாலும் காயவில்லை. மேலே தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும். அமுக்கினால் விரலிடுக்கில் கசியும்.

ஜூலை மூன்றாவது ஞாயிறு. தூறிக்கொண்டிருந்தது. சவாரி முடிந்து ப்ரியம்வதா சஹானாவை நாற்காலியில் சரிசெய்துகொண்டிருந்தார். சலீம் பட்டியை அவிழ்த்து விரிப்பை எடுத்துக் கம்பத்தில் போட்டுவிட்டு வாளி எடுக்கப் போயிருந்தார். அபயாம்பாள் பிஜ்லியின் பக்கத்தில் தனியாக நின்றாள். எலும்பு மேட்டின் உச்சியில், ஈரமாகப் படிந்த முடிக்கு நடுவே, துவரம்பருப்பு அளவுக்கு முடியில்லாத ஓர் இடம் தெரிந்தது. தோல் இளம் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரலில் மகளின் முதுகில் முதலில் பார்த்ததும் அதே சிவப்புத்தான்.

விரலை வைத்தாள். ஈயை விரட்டுவது மாதிரி பிஜ்லியின் தோல் அந்த இடத்தில் மட்டும் சிலிர்த்து நடுங்கியது. அபயாம்பாள் விரலை எடுத்துக்கொண்டாள். சலீம் வாளியோடு வந்தார். அவள் குடையை விரித்துக்கொண்டு மகளிடம் போனாள்.

பூச்சிக்கடியாக இருக்கும் என்று பஸ்ஸில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மழைக்கு முடி கொட்டியிருக்கும். ஆயிரம் தரம் சொல்லிக்கொண்டாலும் அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ப்ரியம்வதா அன்றே பிஜ்லியை நிறுத்திவிடுவார். ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஞாயிறு இருக்காது. அந்த வாரம்தான் சஹானா முதல்முறையாகத் தானே கரண்டியைப் பிடித்துத் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தாள். பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருந்தது. அதுவரை ஓடட்டும் என்று அபயாம்பாள் முடிவு செய்தாள். முடிவு செய்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் விரிப்பை எடுக்கும் நேரத்தில் அவள் முகம் மகளின் பக்கமே திரும்பியிருந்தது.

ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு, சஹானாவைத் தூக்கி மேலே வைத்து அவள் பாரம் இறங்கிய நொடியில், பிஜ்லி முனகிக்கொண்டு பக்கவாட்டில் இரண்டடி விலகியது. எட்டு வருஷத்தில் அது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. சரிந்த பெண்ணைச் சலீம் தோளில் தாங்கிக்கொண்டார். ப்ரியம்வதா விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். மேடு இருந்த இடம் முட்டி அளவுக்கு வீங்கி, நடுவே உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. வெள்ளை ரோமத்தில் மஞ்சளாக ஒரு வட்டம்.

கால்நடை டாக்டர் வந்து கீறி வடித்தார். தடிமனான விரிப்பு நழுவுகிறது என்று பட்டியை இறுக்க இறுக்க, விரிப்பு எலும்பின் மேலேயே அழுந்தியிருக்கிறது, ஈரமும் சூடும் சேர்ந்து தோல் வெந்துபோயிருக்கிறது என்று சொன்னார். உள்ளே எலும்பைத் தொட்டிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். ப்ரியம்வதா அபயாம்பாளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தினமும் பார்த்திருக்க வேண்டியது நான்தான் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வாட்ஸப் குழு அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. பிள்ளை ஒன்றின் அப்பா, தினமும் குதிரையைத் தேய்க்கிறவன் கண்ணுக்கு இது படவில்லையா, என்ன குதிரைக்காரன் அவன் என்று இந்தியில் எழுதினார். அதன் கீழே ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அபயாம்பாள் பிம்ப்ரி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு அதையெல்லாம் படித்தாள். அந்த விரிப்பை வாங்கியது நான் என்று தட்டினாள். அழித்தாள். நான் ஜூலையிலேயே பார்த்தேன் என்று தட்டினாள். அதையும் அழித்தாள். இறங்கும் இடம் வந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒரு வாரத்தில் சலீம் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று தெரிந்தது. இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை என்றார் ப்ரியம்வதா.

இன்னொரு குதிரையை வைத்து முயற்சி செய்தார்கள். இளசு, ஆளைத் தூக்கினாலே மிரண்டது. சஹானா பயத்தில் விறைத்துப்போனாள். மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் கால்கள் பழையபடி பின்னிக்கொண்டன. நாற்காலியில் இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் பெல்ட் போட்டாலும் பதினைந்து நிமிஷத்தில் சரிந்தாள். உடம்பு சரிந்தால் கை வீசும்; கை வீசினால் விரல் எழுத்தில் நிற்காது. அக்டோபரில் பரீட்சைக்குப் போகவில்லை. சுந்தரமூர்த்தி அனுமதிச் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்தார். அடுத்த வருஷம் என்று அவரும் சொல்லவில்லை.

பிஜ்லியின் புண் மூடியது. டிசம்பரில் மறுபடி உடைந்தது. எலும்புக்குள் போயிருந்தது. ஜனவரியில் ஒரு புதன்கிழமை ப்ரியம்வதா போன் செய்து, இன்று காலை டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார், கஷ்டப்படவில்லை என்றார். பேச்சை முடிக்க முடியாமல் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அபயாம்பாள் மகளின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். பிஜ்லி செத்துப்போன கதையோடு நிறுத்தவில்லை. அந்தத் துவரம்பருப்பு அளவு இடத்தைப் பார்த்ததையும் சொன்னாள், பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, வேலை நேர அறிக்கை மாதிரிச் சொல்லி முடித்தாள்.

சஹானா கண்ணால் டேப்லெட்டைக் காட்டினாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மணிக்கட்டைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் விரல் கொஞ்சம் நிற்கும். அபயாம்பாள் அப்படிப் பிடித்துக்கொண்டாள். அரை மணிக்கு மேல் ஆயிற்று. தப்பான எழுத்துகளைச் சஹானா விடாமல் அழித்து அழித்துத் தட்டினாள்.

"நான் வலின்னு சொன்னேன். ரெண்டு வாரம் சொன்னேன். நீ என் இடுப்பைத் திருப்பித் திருப்பி வச்சே. எனக்கு இல்லை. பிஜ்லிக்கு."

அபயாம்பாளுக்கு நினைவு வந்தது. ஜூலை கடைசியில், மைதானத்தைச் சுற்றும்போது சஹானா முகத்தைக் கோணி, "வலி" என்று சொன்னாள். புண் வந்த இடம்தான் வலிக்கிறது என்று நினைத்து, அவளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி உட்கார வைத்தாள். முன்னால் என்றால் அந்த எலும்பு மேட்டின் மேலே.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

விரல் மறுபடி தேடியது. "கீழே துடிச்சுது. நான் அதுமேலதானே உக்காந்திருந்தேன். என்னைக் கேட்டிருக்கலாம். நான் நிறுத்திடுன்னு சொல்லியிருப்பேன்."

அதற்குமேல் சஹானா தட்டவில்லை. கையை விடுவித்துக்கொண்டு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தச் சின்ன அசைவுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே வந்த சுந்தரமூர்த்தி டேப்லெட்டை எடுத்து அதிலிருந்ததைப் படித்தார். அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டு மனைவியை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

சலீம் பிம்ப்ரியில் கல்யாண ஊர்வலக் குதிரைகள் வைத்திருக்கும் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வேலை முடிந்து ஒருநாள் தேடிப் போனாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் தகரக் கூரை. இரண்டு வெள்ளைக் குதிரைகள். சலீம் ஒன்றின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார். வாங்க அக்கா என்று சொல்லி, ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"சலீம், உங்க மேல தப்பே இல்லை. நான் ஜூலையிலேயே பாத்தேன். பாத்துட்டுச் சொல்லாம இருந்தேன். குரூப்ல உங்களைத் திட்டினப்பவும் வாயைத் திறக்கலை."

சலீம் குளம்பைக் கீழே விட்டார். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"நானும் பாத்தேன் அக்கா. உங்களுக்கு முந்தியே."

சலீம் குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"தினம் தேய்க்கிறவன், எனக்குத் தெரியாம இருக்குமா? மருந்து வச்சேன். மஞ்சள் வச்சேன். ஆறிடும் ஆறிடும்னு இருந்தேன். மேடம்கிட்ட சொன்னா கிளாஸ் பந்த். பந்த் ஆனா அந்தப் புள்ளைங்க எங்க போகும்? நம்ம சஹானா எங்க போகும்? அப்படித்தான் நெனச்சேன். என் வேலையும் போயிடும்னு நெனச்சேன். அதையும் மறைக்கக் கூடாது."

"மேடம் பாக்கலையா?"

"தெரியலை அக்கா. கேக்கலை. கேக்க வேண்டாம்."

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வந்தாள். யாரிடம் கேட்பது என்று இப்போது தெரியவில்லை. சலீம் சொன்னது பாரத்தைக் குறைக்கவில்லை. இன்னொருவர் தோளிலும் அதே பாரம் இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். சஹானா எப்படி இருக்கிறாள் என்று சலீம் கேட்டார். இருக்கிறாள் என்றாள். அவர் டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் பஸ் என்று ஒரு நிமிஷம் புரியாமல் நின்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் வேலைக்கு வந்துபோகும் சாலை அது.

எக்ஸ்ரேயில் சஹானாவின் இடது இடுப்பு மூட்டு குழியைவிட்டு நழுவத் தொடங்கியிருப்பது தெரிந்தது. மார்ச்சில் ஆபரேஷன். தொடை எலும்பை வெட்டித் திருப்பி வைத்தார்கள். வலி குறையும், ஆனால் உட்காருவது அதிகமாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உட்காருவது அதிகமாகவில்லை. ஆறு வாரக் கட்டு பிரித்தபோது அவள் படுக்கையோடு இருக்கப் பழகியிருந்தாள். டேப்லெட்டைக் கேட்பதும் குறைந்தது. அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் எழுத முடியும் என்ற நிலையில், அம்மாவுக்குச் சொல்ல அவளிடம் அதிகம் இல்லை. பசி, தண்ணீர், ஃபேன் என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் அபயாம்பாள் குப்பி பார்க்கும் வேலையிலிருந்து மாற்றல் கேட்டாள். மேலதிகாரி ஆச்சரியப்பட்டார். கண்ணில் ஏதாவது கோளாறா என்று கேட்டு டாக்டரிடம் அனுப்பினார். கண் பழையபடி கூர்மையாகவே இருந்தது. மாற்றல் கிடைக்கவில்லை. மறுபடி அந்த நாற்காலிக்கே போனாள். இப்போது சந்தேகம் உள்ளதையும் இல்லாததையும் சேர்த்துச் சிவப்புத் தட்டில் வைக்கிறாள் என்று புகார் வந்தது. நல்ல மருந்து எவ்வளவு வீணாகிறது தெரியுமா என்று கேட்டார்கள். புதுப் பெண்களை அவள் பக்கத்தில் உட்கார வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில், ஒரு ஞாயிறு மத்தியானம் ப்ரியம்வதாவின் போன் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவர் குரலில் உற்சாகம் இருந்தது. ஒரு குதிரை வந்திருக்கிறதாம். பதினான்கு வயது, சாது, மணல் மூட்டையைத் தூக்கி மேலே போட்டாலும் அசையவில்லையாம். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன், விரிப்பு இந்தத் தடவை நம்தாதான், அளவெடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் ஒருநாள் வந்து குதிரையைப் பாருங்கள், உங்கள் கண் நல்ல கண் என்றார். சஹானாவின் இடுப்பு இனிக் குதிரைமேல் காலை அகட்டி உட்கார விடாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் கூப்பிட்டார். அபயாம்பாள் வருகிறேன் என்றாள். எப்போது என்று அவர் கேட்டார். சொல்கிறேன் என்றாள்.

போனை வைத்தபோது மணி இரண்டு. சஹானாவைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பாவிட்டால் தோல் சிவந்துவிடும். சுந்தரமூர்த்தி கால் பக்கம் வந்து நின்றார். அவள் தோளையும் இடுப்பையும் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ண, இருவரும் மகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திருப்பினார்கள்.